கொலையாளியின் பெயரும் கொலையுண்டோரின் பெயரின்மையும்: 1887-1889 காலத்து இலண்டன் பற்றிய ஒரு நோக்கு

1

மாநகரொன்றின் வரலாற்றை அதன் அரண்மனைகளையும் பாராளுமன்றத்தையும் பாலங்களையும் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. அந்நகரிலே துலக்கப்படாது போன கொலைகளைக் கொண்டும் அவ்வரலாற்றை எழுதலாம். எக்கொலை விசாரிக்கப்படுகிறது, எது கைவிடப்படுகிறது, எது நினைவில் நிறுத்தப்படுகிறது, எது மறக்கப்படுகிறது என்பன தற்செயலாய் அமைவன அல்ல. மறதிக்கும் ஒரு சமூக அடித்தளம் உண்டு. கொலையுண்டவர் எவ்வர்க்கத்தைச் சேர்ந்தவர், அம்மரணம் யாருக்கு அச்சத்தையும் யாருக்கு இலாபத்தையும் தந்தது என்னும் வினாக்களை எழுப்பாது அதனை விளக்கிவிட முடியாது.

இதனைத் தெளிவுபடுத்தும்பொருட்டு 1887 முதல் 1889 வரையான மூன்றாண்டுக் கால இலண்டனை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். அக்காலத்தில் அந்நகரிலே இருவகைக் கொலைகள் சமகாலத்தில் நிகழ்ந்தன. ஒன்று உலகறிந்தது: நகரின் கிழக்குப் புறத்திலுள்ள வைற்சப்பல் பகுதியில் வறிய பெண்கள் வெட்டிக் கொல்லப்பட்டமை. அதனைச் செய்தவன் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் 'ஜாக் த றிப்பர்' என்ற பெயரை அறியாதார் அரியர். மற்றையது, தேம்ஸ் நதியிலும் அதன் அயலிலும் பெண்களின் உடற்பகுதிகள் கண்டெடுக்கப்பட்டமை. இதனை இன்று அறிந்திருப்போர் குற்றவியல் வரலாற்றில் தனி ஈடுபாடுடைய சிலரே. ஒரே நகர், ஒரே காலம். தேடவேண்டியிருந்ததும் பெரும்பாலும் ஒரே பொலிஸ் படை. எனினும் ஒன்று பெருங்கதையாயிற்று, மற்றையது மறைந்தொழிந்தது. இவ்வேறுபாட்டின் காரணங்களை ஆராய்வதே நமது நோக்கம்.

2

முதலில் மறக்கப்பட்ட நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நோக்குவோம். 1887ஆம் ஆண்டு மே மாதம், இலண்டனுக்குக் கிழக்கே றெயின்ஹம் என்னுமிடத்தில் ஒரு பெண்ணின் உடற்பகுதி ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. வேறு சில பகுதிகள் அடுத்த வாரங்களில் வேறிடங்களிற் கிடைத்தன. தலை கிடைக்கவில்லை. அவள் யாரென்பது அறியப்படவில்லை. மரண விசாரணையில் 'இறந்து காணப்பட்டாள்' என்பதற்கு மேல் எதுவும் தீர்ப்பாகவில்லை.

1888 செப்டெம்பர் 11ஆம் திகதி, பிம்லிக்கோ அருகே நதியில் ஒரு பெண்ணின் கை கிடைத்தது. அக்டோபர் 2ஆம் திகதி, வைற்ஹோல் பகுதியிற் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பெரிய கட்டடமொன்றின் நிலக்கீழறையில் அக்கைக்குரிய தலையற்ற உடல் காணப்பட்டது. அக்கட்டடம் வேறெதுவுமன்று, இலண்டன் மாநகரப் பொலிஸ் படையின் புதிய தலைமையகமே அது. 1890இற் பொலிஸ் படை அங்கு குடிபுகுந்தது. தனது அத்திவாரத்திற் கிடந்தவள் யாரென்பதை அப்படை ஒருபோதும் அறியவில்லை. அவளுக்கும் கிடைத்த தீர்ப்பு 'இறந்து காணப்பட்டாள்' என்பதே. கொலை என்ற பெயரைக்கூடச் சட்டம் அவ்விரு மரணங்களுக்கும் வழங்கவில்லை.

1889 ஜூன் மாதத்தில் மீண்டும் நதியிற் பொதிகள் மிதந்தன. இம்முறை மணிக்கட்டிலிருந்த பழைய தழும்பைக் கொண்டும் உடைகளைக் கொண்டும் இறந்தவள் இனங்காணப்பட்டாள். எலிசபெத் ஜக்சன் என்பது அவள் பெயர். வயது 24. வீட்டு வேலை செய்து வாழ்ந்தவள், கருவுற்றிருந்தவள், உடன் வாழ்ந்தவனாற் கைவிடப்பட்டுத் தங்க இடமின்றித் திரிந்தவள். அவளுடைய உள்ளாடையொன்றில் வேறொரு பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பிறர் கழித்த துணியையே அவள் உடுத்தியிருந்தாள்.

அப்பொதிகளில் ஒன்று, செல்சி நதிக்கரையில் சேர் பேர்சி ஷெல்லியின் வீட்டுத் தோட்டத்தினுள் எறியப்பட்டிருந்தது. கவிஞர் ஷெல்லிக்கும், 'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவலை எழுதிய மேரி ஷெல்லிக்கும் பிறந்த மகனே அவர். இலக்கியம் பயின்றோர் இத்தற்செயலிற் சற்றுத் தரித்து நிற்பது இயல்பே. ஆனால், அத்தோட்டத்துக்குரியவரின் குடிவழியை அறிந்த அளவுக்கு அங்கு எறியப்பட்டவளின் குடிவழியை அறிந்திருக்கிறோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

அதே ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி, வைற்சப்பலை அடுத்த பின்சின் வீதியில், புகையிரதப் பாதையின் வளைவொன்றின் கீழே தலையற்ற மற்றொரு பெண்ணுடல் கண்டெடுக்கப்பட்டது. அவளும் இனங்காணப்படவில்லை. இந்நால்வரையும் கொன்றவன் ஒருவனே என்பது நிறுவப்படவில்லை; எவரும் தண்டிக்கப்படவுமில்லை. நால்வருள் பெயர் பெற்றவள் எலிசபெத் ஜக்சன் ஒருத்தியே.

3

இனி, நினைவில் நின்ற கொலைகளுக்கு வருவோம். வைற்சப்பற் கொலைகள் எனப் பொலிசார் தொகுத்த கோவையில் 1888 ஏப்ரல் முதல் 1891 பெப்ரவரி வரை நிகழ்ந்த 11 மரணங்கள் உள்ளன. பின்சின் வீதிப் பெண்ணும் அவற்றுள் ஒருத்தி. அவற்றுள் ஐந்தையே ஒரே கையின் செயல் எனப் பலரும் கொள்வர்.

அவ்வைவரின் வாழ்க்கையை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மேரி ஆன் நிக்கொல்ஸ் ஓர் அச்சுத் தொழிலாளியின் மனைவியாக இருந்து, பின்னர் ஏழைகளுக்கான அரச வேலைவிடுதிகளில் அலைந்தவள். 1888 ஓகஸ்ட் 31ஆம் திகதி இரவு, படுக்கைக்குரிய நான்கு பென்ஸ் கையில் இல்லாமையால் இராத்தங்கல் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். அடுத்த வாரம் கொல்லப்பட்ட ஆனி சப்மனும் அவ்வாறே படுக்கைக் காசின்றி வீதிக்கு வந்தவள். பின்னல் வேலை செய்து விற்றுப் பிழைத்தவள். கதரீன் எடோஸ் கென்ற் மாவட்டத் தோட்டங்களிற் பறிப்பு வேலைக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பியவள். உடன் வாழ்ந்தவனின் சப்பாத்துக்களை அடகு வைத்து உணவு வாங்கியவள். இவர்களுட் பெரும்பாலோரை 'விலைமாதர்' என்ற ஒரு சொல்லால் அக்காலப் பத்திரிகைகள் முடித்துவிட்டன. அவர்களுள் மூவர் அத்தொழில் செய்தமைக்குத் தக்க சான்றில்லை என வரலாற்றாசிரியர் ஹலி றூபன்ஹோல்ட் 2019இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதனை மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், படுக்கைக் காசு இல்லாமையே அவர்களுள் இருவரை அன்றிரவு கத்தியின் முன் நிறுத்தியது என்பதில் ஐயமில்லை.

'ஜாக் த றிப்பர்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1888 செப்டெம்பர் இறுதியிற் செய்தி நிறுவனமொன்றுக்கு வந்த கடிதத்திலிருந்து வந்தது. அக்கடிதம் ஒரு பத்திரிகையாளனின் கைவேலை என்று பொலிஸ் அதிகாரிகள் சிலர் பின்னர் கருதினர். மலிவு விலை மாலைப் பத்திரிகைகள் தம்முட் போட்டியிட்டு வளர்ந்த காலம் அது. அவற்றுக்கு நாள்தோறும் தொடரத்தக்க ஒரு கதை தேவைப்பட்டது. கதைக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டான். பெயர் கிடைத்ததும் கொலை பண்டமாயிற்று. தேம்ஸ் நதிப் பெண்களுக்கோ முகமில்லை, முகவரியில்லை, கொலையாளியின் கடிதமுமில்லை. விற்பதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. வைற்ஹோலில் உடல் காணப்பட்ட அதே வாரத்திலேயே அக்கடிதத்தின் படிகளைப் பொலிசார் சுவர்களில் ஒட்டினர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

இக்கதை பிறிதொரு பணியையும் ஆற்றியது. தொழிலாளர் வாழும் கிழக்கு இலண்டனை அரக்கர் உறையும் இருட்காடாக அது மேட்டுக்குடி வாசகருக்குக் காட்டிற்று. அங்கு குடியேறியிருந்த யூத வறியோர் மீது ஐயத்தைத் திருப்பிற்று. அப்பகுதி மக்களில் ஏறக்குறைய 35 வீதத்தினர் வறுமையில் வாழ்ந்தனர் என்று அக்காலத்திலேயே சார்ள்ஸ் பூத் கணக்கிட்டிருந்தார். ஆயின் புள்ளிவிபரத்துக்கு நாயகன் இல்லை.

4

பொலிஸ் படையின் இயலாமையைத் தனிமனிதரின் திறமைக் குறைவாகக் காண்பது போதாது. அப்படை எதற்காக அமைக்கப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். தேம்ஸ் நதிப் பொலிஸ் 1798இல் மேற்கிந்திய வணிகரின் ஆதரவுடன் தோன்றியது. கப்பற் சரக்குகள் களவு போகாது காப்பதே அதன் முதற்பணி. ஆற்றில் மிதந்த சீனி மூடைக்கு உரிமையாளர் இருந்தனர். ஆற்றில் மிதந்த பெண்ணுக்கு எவருமில்லை. 1887 நவம்பர் 13ஆம் திகதி டிரபல்கார் சதுக்கத்தில் வேலையற்றோரும் சோசலிஸ்டுகளும் கூடியபோது, அவர்களைத் தாக்கிக் கலைக்கும் ஆற்றல் ஆணையாளர் சார்ள்ஸ் வாறனின் படைக்கு இருந்தது. மறு ஆண்டிற் கிழக்கு இலண்டனின் சந்துகளில் அதே படை வழியறியாது திகைத்தது.

கைரேகையைக் கொண்டு ஒருவரை இனங்காணும் முறை அன்று இலண்டனில் இல்லை. அம்முறை வங்காளத்தில் குடியேற்ற ஆட்சியினரால் வளர்க்கப்பட்டு, 1901இலேயே இலண்டன் பொலிஸ் தலைமையகத்துக்கு வந்தது. அடிமைப்பட்ட மக்களை அடையாளப்படுத்த உருவான கருவியே பின்னர் தலைநகரின் குற்றவியலுக்கும் உதவிற்று. அறிவியலின் வளர்ச்சியும் ஆட்சியின் தேவையைத் தொடர்ந்தே நடந்தது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

5

இலக்கியம் இவற்றை எவ்வாறு எதிர்கொண்டது? ஷேர்லொக் ஹோம்ஸ் முதன்முதலில் வாசகர் முன் தோன்றியது 1887இன் இறுதியில். நகரிலே துலங்காதவை யாவும் கொனன் டொயிலின் கதைகளிலே துலங்கின. துப்பறியும் கதை, முதலாளித்துவ நகரின் அச்சத்துக்கு அளிக்கப்பட்ட ஆறுதல். குற்றம் ஒரு தனிமனிதனின் செயல். கூரிய அறிவுடைய மற்றொரு தனிமனிதன் அதனைத் தீர்ப்பான். சமூகம் இருந்தவாறே இருக்கும். இதுவே அக்கதைவடிவத்தின் உள்ளடங்கிய கருத்துநிலை.

யதார்த்த இலக்கியத்தின் பக்கத்தில் வேறொரு விவாதம் நடந்தது. மார்கரெற் ஹார்க்னெஸ் என்னும் எழுத்தாளர், கிழக்கு இலண்டனின் தையற்காரப் பெண்ணொருத்தியைப் பற்றி 'நகரத்துப் பெண்' என்னும் பொருள்படும் நாவலை 1887இல் வெளியிட்டார். அதனை வாசித்த எங்கெல்ஸ், 1888 ஏப்ரல் தொடக்கத்தில் அவருக்கு எழுதிய கடிதம் மார்க்சிய அழகியலில் நன்கு அறியப்பட்டது. வகைமாதிரியான மாந்தரை வகைமாதிரியான சூழலில் உண்மையாகக் காட்டுவதே யதார்த்தவாதம் என்ற கருத்தை அதில் அவர் விளக்கினார். தொழிலாளி வர்க்கம் தானாக இயங்காத வெறுங்கூட்டமாக அந்நாவலிற் காட்டப்பட்டமையை அவர் குறைகூறினார். அதே ஏப்ரல் தொடக்கத்திலேதான் எமா ஸ்மித் என்னும் பெண் வைற்சப்பலில் ஒரு கும்பலினால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தாள். பொலிஸ் கோவையின் முதற்பெயர் அவளுடையது.

எங்கெல்சின் கணிப்பு விரைவில் மெய்யாயிற்று. 1888 ஜூலையில் போ பகுதித் தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறக்குறைய 1400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். 1889 ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் துறைமுகத் தொழிலாளர் நகரையே நிறுத்தினர். நமது மலையகத் தொழிலாளர் கொய்த தேயிலை இறங்கிய துறைமுகமும் அதுவே. பின்சின் வீதிப் பெண்ணின் உடல் கிடைத்தது அவ்வேலைநிறுத்த நாட்களிலேதான். கிழக்கு இலண்டனின் 1888ஐ உலகம் கொலையாளியின் ஆண்டாக நினைவிற் கொண்டிருக்கிறது. தீப்பெட்டிப் பெண்களின் ஆண்டாக அன்று.

ஆயினும் முற்போக்காளராகிய நாமும் இவ்விடத்திற் சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டியுள்ளது. 1888 செப்டெம்பர் 24ஆம் திகதி 'ஸ்ரார்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பேர்னாட் ஷோ, சோசலிஸ்டுகளின் பிரசாரத்தால் முடியாததை ஒரு கொலைகாரன் முடித்தான், செல்வர் இப்போதுதான் ஏழைகளைத் திரும்பிப் பார்க்கின்றனர் என்ற கருத்துப்பட எள்ளினார். அங்கதம் கூரியது, அதன் உண்மையும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் கொல்லப்பட்ட பெண்கள் அதில் வாதத்துக்கான கருவிகளாகவே நிற்கின்றனர். தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் தொழிலாளியைக் கண்ட இயக்கம், வீடு கழுவியும் பின்னல் விற்றும் பருவத்துக்குப் பருவம் கூலிக்கு அலைந்தும் வாழ்ந்த பெண்ணைத் தொழிலாளியாகக் காணத் தவறியது. 'உதிரிகள்' என்ற சொல் அவளை விளக்குவதற்குப் பதிலாக ஒதுக்குவதற்கே பெரும்பாலும் பயன்பட்டது.

6

1845இல் வெளியான இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்க நிலைமை பற்றிய நூலில் எங்கெல்ஸ் 'சமூகக் கொலை' என்னும் கருத்தை முன்வைத்தார். மனிதரை அகால மரணம் தவிர்க்கமுடியாத நிலைமையில் ஒரு சமூகம் அறிந்தே வைத்திருக்குமாயின் அதுவும் கொலையே. கொலையாளி கண்ணுக்குத் தெரியாமையால் அது கொலையாகத் தோன்றுவதில்லை என்பது அதன் சாரம். இக்கருத்தை இயந்திரப் பாங்கிற் பிரயோகித்து, இப்பெண்களைக் கொன்றது சமூகமே என்று கூறி அமைதல் தவறு. கத்தியைப் பிடித்தவன் ஒரு மனிதன்; அவனது குற்றம் அவனுடையதே. ஆனால் அவனுக்கு எட்டும் தூரத்தில் அவர்களை நிறுத்தியதும், பின் அவர்களைத் தேடாதுவிட்டதும், அவனை நாயகனாக்கி அவர்களை மறந்ததும் சமூகத்தின் செயல்கள். முதலாவது குற்றம் துலங்காது போகலாம். ஏனையவை துலக்கப்படக் கூடியன.

அச்செயல்கள் முடிந்துவிடவுமில்லை. 2015இல் கிழக்கு இலண்டனின் கேபிள் வீதியில், பெண்களின் வரலாற்றுக்கான நூதனசாலை என்று அனுமதி பெறப்பட்ட இடம், 'ஜாக் த றிப்பர்' பெயரில் திறக்கப்பட்டது. 1936இற் பாசிஸ்டுகளை மக்கள் மறித்து நின்ற அதே வீதியில், மக்கள் மீண்டும் கூடி அதனை எதிர்த்தனர். நூறாண்டுகள் கடந்தும் கொலையாளியின் பெயரே சந்தையில் விலைபோயிற்று.

கொலையாளி யார் என்னும் வினாவுக்கு இனி விடை கிடைக்குமென நாம் எதிர்பார்க்கவில்லை. வரலாறும் இலக்கிய ஆய்வும் எழுப்பவேண்டிய வினா வேறு: கொல்லப்பட்டவள் யார், அவள் எவ்வாறு வாழ்ந்தாள், அன்றிரவு அவளுக்கு ஏன் ஒரு படுக்கை கிடைக்கவில்லை? பொலிஸ் தலைமையகத்தின் நிலக்கீழறையிற் கிடந்தவளுக்குப் பெயரிட நம்மால் முடியாது. அவள் பெயரற்றுப் போனதன் காரணங்களுக்குப் பெயரிட முடியும்.