பாட்டு ஓடுது... ஸ்டூல் இருக்கா?

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் காலை நேரம் நடந்து பாருங்கள். மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். மூட்டை நிறைய சட்டைகள். காலர், கை, முதுகு, மடிப்பு... மறுபடியும் காலர். வேலை மாறுவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் செல்போனில் பாட்டு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

அலுப்பான வேலைக்குப் பாட்டைத் துணைக்கு வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. ஏற்றம் இறைத்தவர்களுக்கு ஏற்றப்பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அந்தப் பாட்டிலேயே வந்துவிடும். நாற்று நட நடவுப்பாட்டு, வலை இழுக்க அம்பாப்பாட்டு. உலக்கை குத்தும் பெண்களின் வள்ளைப்பாட்டு சிலப்பதிகாரத்திலேயே உண்டு. அங்கெல்லாம் பாடியவரும் உழைத்தவரும் ஒருவரே.

தொழிற்சாலைகள் வந்தபின் பாட்டு ஸ்பீக்கருக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-ல், தொழிலாளர்கள் சோர்ந்துபோகாமல் இருக்க தினமும் ஒரு இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது பி.பி.சி. அது 1967 வரை ஓடியது. கேட்பவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று ஒரு பாட்டுக்கு அதில் தடையே போட்டார்கள்!

நம் ஊரில் அந்த இடத்தைப் பிடித்தது ரேடியோ. நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் தொடங்கியது. தையல்கடை, டீக்கடை, மெக்கானிக் ஷெட் என எல்லா இடத்திலும் இன்றும் எஃப்.எம். உண்டு.

ஆனால், எல்லா வேலைக்கும் பாட்டு ஒத்துவராது. கை மட்டும் ஓடும் வேலையில் அது அலுப்பைக் குறைக்கும். அடையாறில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறீர்கள் என்றால், புரியும் மொழியில் வரும் பாடல் வரிகள் கவனத்தை இழுக்கும். அப்போது வீணையோ, புல்லாங்குழலோ போதும். இயர்போன் சத்தத்திலும் கவனம் தேவை. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டி ஓட்டும்போதும், மெஷினில் வேலை செய்யும்போதும் காதை அடைக்கவே வேண்டாம்.

இனி தி.நகர் பக்கம் வருவோம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது. ஆனால், அது வாங்க வருபவர்களுக்கான பாட்டு. கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணால் அதை மாற்றவும் முடியாது, சத்தத்தைக் குறைக்கவும் முடியாது. பிரித்துப் போட்ட புடவைகளை மறுபடி மறுபடி மடித்து வைப்பதுதான் அவருடைய வேலை. அதையும் மணிக்கணக்கில் நின்றபடியே செய்யவேண்டியிருந்தால்? எந்தப் பாட்டும் கால்வலியைத் தீர்க்காது.

இதற்காகத்தான் 2021-ல் கடைகள், நிறுவனங்களுக்கான சட்டத்தைத் தமிழக அரசு திருத்தியது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறது அந்தத் திருத்தம்.

அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால், "கொஞ்சம் உட்காருங்க, நாங்க பார்த்துட்டுச் சொல்றோம்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர் முகத்தில் வரும் சிரிப்பு, கடையில் ஓடும் எந்தப் பாட்டுக்கும் வராது!