உள்ளதைச் சொல்வதும் உள்ளத்தைச் சுடுவதும்

"உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணனுக்கு நோப்பாளம்" என்பது பழமொழி. நோப்பாளம் வருவதில் வியப்பென்ன? கண் பழுதானது அவன் செய்த குற்றமன்று. பிறர் சொல்லி அவன் திருத்திக்கொள்ளக் கூடியதும் அன்று. சொன்னது உண்மையே, பயன் யாருக்கு?

குற்றத்தை ஒளிக்காமல் கூறுவதற்கு நம் உத்திரமேரூரிலேயே சான்று உண்டு. வைகுண்டப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியவரல்லர் என்கிறது 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கடுமையான சொல்தான், எனினும் அது சுட்டுவது ஒரு செயலை. கணக்குக் காட்டினாரா இல்லையா என்பதை ஊரார் சரிபார்க்கலாம். ஆனால் அதே விதி அவருடைய உறவினரையும் விலக்கியது. கணக்கைத் தொட்டறியாத சிற்றன்னை மகன்மீதும் பழி படிந்தது. செயலை விட்டு ஆளைத் தீண்டிய இடம் அதுவே.

இன்றைய சட்டமும் இந்த வேறுபாட்டை அறியும். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும், அவதூறு வழக்கில் உண்மையை மட்டும் காட்டித் தப்ப இடம் தருவதில்லை. அவ்வுண்மையைச் சொல்வது பொதுநன்மைக்கு வேண்டியதாகவும் இருத்தல் வேண்டும்.

நண்பர்களே! "உன் கட்டுரையின் இரண்டாம் பத்தி பொருந்தவில்லை" என்றால் தோழன் பேனாவை எடுப்பான். "உனக்கு எழுதவே வராது" என்றால் பேனாவை மூடிவிடுவான். இரண்டையும் உண்மையென்றே நாம் நம்பலாம். திருத்துவதற்கு இடம் வைத்துச் சொல்வதே நேர்மை, மற்றது வசை.