சின்னத் தொட்டிக்குள் பெருங்கடல்: தெரியுமா?

நெடுந்தீவின் பழைய வேலிகள் எதனால் ஆனவை, தெரியுமா? முருகைக்கல்லால்! ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடிருந்த சிற்றுயிர்களின் கூடுகள்தான் இன்று வளவுகளுக்குக் காவல் நிற்கின்றன!

உலகக் கடலடியில் 1 சதவீதத்திலும் குறைவான இடத்தில்தான் முருகைக்கற்பாறைகள் இருக்கின்றன. ஆனால் கடல்வாழ் இனங்களில் கால்வாசிக்கு அதுவே வீடு! அந்த வீட்டாரில் யாரை ஒரு சின்ன உப்புநீர்த் தொட்டிக்கு அழைத்து வரலாம்? முருகையைக் கடிக்காதவர், சிறிய இடத்தில் வாடாதவர் யார்?

குருட்டு இறாலும் காவல்கார மீனும்!
உளுவை இனத்துச் சிறுமீன் ஒன்றும் வெடி இறாலும் ஒரே வளையில் குடியிருக்கும், தெரியுமா? இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது நாள் முழுக்க மணலை அள்ளி வளை தோண்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு எப்போதும் மீனின் உடலைத் தொட்டபடி இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை ஒருமுறை அசைக்கும். அடுத்த நொடி இருவரும் வளைக்குள்!

விரலளவு இறால், சூரிய வெப்பம்!
அதே இறால் தன் கொடுக்கைச் சொடுக்கினால் என்ன நடக்கும்? தண்ணீரில் ஒரு குமிழி பிறந்து வெடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறிய பொழுதுக்கு அதற்குள் ஏறத்தாழ 4,700 பாகை செல்சியஸ் வெப்பம்! சூரியனின் மேற்பரப்பே 5,500 பாகைதான்!

அப்பா அம்மாவாகிறார்!
‘நீமோ’ படத்துக் கோமாளி மீனைத் தெரியாத பிள்ளை உண்டா? ஆனால் அது ஆணாகவே பிறக்கும் என்பது தெரியுமா? கூட்டத்தில் மிகப் பெரியது மட்டுமே பெண். அவள் இறந்தால் அவளுடைய துணையான ஆண் பெண்ணாக மாறிவிடும்! கடலில் அதன் வீடான கடல் சாமந்தி இல்லாமலே தொட்டியில் நன்றாக வாழும். தொட்டியிலேயே பெருக்கப்பட்ட குஞ்சுகளும் கிடைக்கும். முதல் மீனாக வாங்க இதைவிட நல்லது வேறென்ன?

கண்ணாடியில் முத்தம்!
பாசி மேயும் சின்ன மீன் ஒன்று உண்டு. கண்ணாடியில் வாயை வைத்துப் பாசியைச் சுரண்டும். அது போன பிறகு பாருங்கள்: கண்ணாடி முழுக்க உதட்டு அடையாளங்கள்! பாசி இல்லாத புதுத் தொட்டியில் மட்டும் விடாதீர்கள், பட்டினி கிடக்கும்!

59 நாளில் முழு வாழ்க்கை!
முருகைக்கற்பாறைகளில் வாழும் ஒரு குட்டி உளுவையின் ஆயுள் அதிகபட்சம் 59 நாட்கள்! பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, இறந்து, எல்லாம் இரண்டு மாதத்துக்குள்!

இனி, கடலிலேயே இருக்கட்டும் என்று விடவேண்டியவர்கள்!

கிளிமீன்: இந்த இனத்திலேயே மிகப் பெரியது, ஆண்டுக்கு 5 தொன் முருகைக்கல்லைக் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கிறது! உங்கள் தொட்டி தாங்குமா?

பெட்டி மீன்: மஞ்சளில் கரும்புள்ளி போட்ட அழகு! 2005 இல் மேர்சிடிஸ் பென்ஸ் ஒரு மாதிரிக் காரையே இதன் வடிவில் செய்தது! ஆனால் பயந்தால் நஞ்சைச் சுரக்கும். தொட்டியில் உள்ள மீன்கள் எல்லாமே இறக்கலாம்!

துப்புரவு மீன்: மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும். ஒரே நாளில் 2,000க்கும் மேற்பட்ட மீன்களைப் பரிசோதிக்கும்! நாலைந்து மீன் உள்ள தொட்டியில் பாவம், அது எதைத் தின்னும்?

கடற்குதிரை: வயிறே கிடையாது! பல்லும் கிடையாது! ஆண்தான் கர்ப்பம் சுமக்கும். நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். 2004 முதல் இதன் சர்வதேச வாணிபத்துக்கே கட்டுப்பாடு உண்டு!

கடலட்டை: யாழ்ப்பாணத்தார் அறியாத பிராணியா? ஆனால் அது மலவாயிலால் மூச்சு விடும் என்பது தெரியுமா? அந்த வாசலால் உள்ளே நுழைந்து குடியிருக்கும் மீனும் உண்டு! ஒரே அட்டைக்குள் 15 மீன்களைக் கண்டவர்களும் உண்டு! ஆனால் சீண்டப்பட்டால் சில கடலட்டைகள் தொட்டியையே நஞ்சாக்கிவிடும்!

கல்லும் தொட்டிக்குக் கடலிலிருந்து வரலாமா?
கூடாது! இலங்கையின் கரையோர வலயத்தில் முருகைக்கல்லைப் பெயர்த்தெடுப்பதும் வைத்திருப்பதும் 1988 முதல் சட்டப்படி குற்றம்! நெடுந்தீவு வேலிக்கல் போதும், இனிமேல் இருப்பவை வீடாகவே இருக்கட்டும்!

கடைசியாக ஒன்று. தொட்டியில் கோமாளி மீன் எவ்வளவு காலம் வாழும், தெரியுமா? 20 ஆண்டுகள்கூட! இன்று உங்கள் பிள்ளை பாலர் பாடசாலையில் படிக்கும்போது வாங்கும் குஞ்சு, அவர் பல்கலைக்கழகம் முடிக்கும்போதும் தொட்டியில் நீந்தலாம்! அத்தனை காலம் பார்த்துக்கொள்ள நீங்கள் தயாரா?