மறந்துபோகும் இரண்டு எண்ணெய்கள்

புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய கார் என்பது நம்மவருக்கு ஆடம்பரப் பொருள் அன்று. பேருந்து ஓடாத அதிகாலையில் வேலைக்குச் செல்வதற்கும், வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வதற்கும் அதுவே துணை. ஆகவே என்ஜின் ஒயிலைப் பெரும்பாலும் தவறாது மாற்றிவிடுகின்றோம். ஆனால் கியர்ப் பெட்டியிலும் பின் அச்சின் டிபரன்சியலிலும் உள்ள எண்ணெய்களை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கின்றோம்? வாகனப் பரிசோதனையில் கசிவு உண்டா என்று நோக்குவார்களேயன்றி, உள்ளே எண்ணெய் எவ்வளவு உள்ளது என்று அளப்பதில்லை. அது வற்றிப் பற்சக்கரங்கள் தேய்ந்தால், திருத்தச் செலவு காரின் விலையையே விஞ்சிவிடக்கூடும்.

வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடுதலான தூரம் ஓடுகிறது. அந்த வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதே டிபரன்சியல். அங்குள்ள பிரதான பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கியும் செல்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த, ஜீ.எல்.5 தரமுள்ள தடித்த எண்ணெய் தேவை. ஆனால் அதே சேர்க்கைகள், பல கியர்ப் பெட்டிகளில் உள்ள பித்தளை வளையங்களைக் கெடுக்கக்கூடும். எனவே ஒரே போத்தலை இரண்டிலும் ஊற்றுவது ஆபத்தானது.

எடுத்துக்காட்டாக, 1976இல் அறிமுகமான மேர்சிடஸ் பென்ஸ் டபிள்யூ 123 வகையைக் கொள்வோம். அதன் கைக்கியர்ப் பெட்டிக்கு உரியது, தானியங்கிக் கியர்ப் பெட்டிகளில் ஊற்றும் அதே மெல்லிய எண்ணெய். டிபரன்சியலுக்கோ 90 தடிப்புள்ள எண்ணெய் ஏறக்குறைய 1 லீற்றர் தேவை. தடித்ததைக் கியர்ப் பெட்டியில் ஊற்றினால் பனிக்காலக் காலையில் கியர் மாற்றுவதே பெரும்பாடாகும். ஏனைய கார்களுக்கு அவற்றின் கைநூலே வழிகாட்டி. முன்சில்லுகளால் இயங்கும் கார்களில் டிபரன்சியல் பெரும்பாலும் கியர்ப் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அவற்றுள் பலவற்றுக்கு ஓர் எண்ணெயே போதும்.

மாற்றும் முறை கடினமன்று. முதலில் காரைச் சிறிது தூரம் ஓட்டினால் எண்ணெய் இளகும். பின்னர் சமதரையில், நான்கு சில்லுகளும் ஒரே அளவில் உயருமாறு உறுதியான தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே புகுவது உயிராபத்து. அடுத்து, நிரப்பும் துவாரத்தின் மூடியையே முதலில் கழற்ற வேண்டும். பழைய எண்ணெயை வடித்த பின்னர் மேல்மூடி துருப்பிடித்து அசைய மறுத்தால், புதியதை ஊற்ற வழியிராது. காரும் நின்றவிடத்திலேயே நிற்கும்.

வடிந்த எண்ணெயையும் கவனியுங்கள். மாவு போன்ற சாம்பல் நிறத் துகள் வழமையான தேய்வு. உலோகத் துண்டுகள் தென்பட்டால் பல் உடைந்திருக்கலாம். பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. வடிக்கும் மூடியைப் புதிய வளையமிட்டு இறுக்கியபின், குழாய் பொருத்திய கைப்பம்பியால் துவாரத்தின் கீழ்விளிம்பு வரை நிரப்பினால் போதும். தானியங்கிக் கியர்ப் பெட்டியில் வடிகட்டி மாற்றுதல், சூடான நிலையில் மட்டம் பார்த்தல் எனப் பல நுணுக்கங்கள் இருப்பதால், அதனைக் கராஜில் ஒப்படைப்பதே நன்று.

1990களில், பொருளாதாரத் தடையின் நடுவே, யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் நம்மவருடையவை. அந்தக் கைத்திறனுக்கு இவ்வேலை சிறிது. எனினும் இங்குள்ள சட்டங்கள் வேறு. கழிவெண்ணெயை மண்ணிலோ வடிகாலிலோ ஊற்றுவது குற்றம்; வதிவிட அனுமதிக்குக் காத்திருப்போருக்கு வீண் வழக்கு எதற்கு? ஜேர்மனியில் கியர் எண்ணெய் விற்கும் கடை, விற்ற அளவு கழிவெண்ணெயை இலவசமாகத் திரும்பப் பெறவேண்டும் என்பது சட்டம். ஆகவே பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீதியோரத்தில் வேலைசெய்ய இயலாதோருக்கு, காரை உயர்த்தும் மேடையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பணிமனைகளும் அங்கு உண்டு.

பழைய கார் வாங்கியதும், முந்தைய உரிமையாளரிடம் எண்ணெய் மாற்றிய பதிவு இல்லையெனில், இவ்விரண்டையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. மாற்றிய திகதியையும் கிலோமீற்றர் கணக்கையும் கைநூலில் குறித்து வையுங்கள். நாளை அந்தக் காரை வாங்கும் இன்னொரு குடும்பத்துக்கும் அது பயன்படும்.