ஒற்றை வரியும் இரட்டை வரியும்

உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் சிறப்பைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் அளப்பதே வழக்கம். எஸ்.டி. எனப்படும் பழைய தரத்துப் படம், 720 புள்ளி அகலமும் 576 வரி உயரமுமாக ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகளில் அடங்கிவிட, 1920 புள்ளி அகலமும் 1080 வரி உயரமும் கொண்ட எச்.டி. படத்தில் அவை 20 லட்சத்தைக் கடக்கின்றன. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் தொடங்கிய ஆய்வில் வேர்விட்ட இத்தொழில்நுட்பம், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகளின்போது தூர்தர்ஷன் வழியாகவும் ஒளிபரப்பானது.

எண்களைவிட வியப்புக்குரியது வரிகள் வந்துசேரும் விதம். இந்திய எச்.டி. அலைவரிசைகள் பெரும்பாலும் 1080 வரிகளையும் ஒருசேர அனுப்புவதில்லை; முதலில் ஒற்றைப்படை வரிகள் 540, அடுத்து இரட்டைப்படை வரிகள் 540 என நொடிக்கு 50 அரைப்படங்களாக அனுப்புகின்றன. தறியில் மிதியை அழுத்தும்போது பாவு நூல்களில் ஒன்றுவிட்டு ஒன்று எழும்ப, அடுத்த மிதிக்கு எஞ்சியவை எழும்புவதைப் போன்ற இப்பின்னல் முறை, அலைக்கற்றையைச் சிக்கனப்படுத்தவும் படக்குழாயின் மினுக்கத்தைத் தணிக்கவும் 1930களில் வகுக்கப்பட்டது. படக்குழாய் மறைந்தபின்னும் அது நிலைத்துவிட்டது. எல்லா வரிகளையும் சேர்த்தே காட்டும் இன்றைய தட்டைத்திரை, இரு அரைப்படங்களையும் கணக்கிட்டு இணைத்தாக வேண்டும். அக்கணக்கு பிசகினால், செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகளின் ஓரம் சீப்பின் பற்களைப்போலப் பிளந்து தெரியும்.

இத்தனை நுட்பமும் பல வீடுகளில் வீணாவதுதான் வருத்தத்திற்குரியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் வகுத்த முறையில், ஓர் எச்.டி. அலைவரிசை இரண்டு எஸ்.டி. அலைவரிசைகளின் இடமாக எண்ணப்பட்டதோடு, ஒரே அலைவரிசையின் இரு வடிவங்களுக்கும் தனித்தனி விலையும் இருந்தது. அவ்வாறு கூடுதலாகச் செலவிட்டுப் பெற்ற எச்.டி. படத்தையும், செட் டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய வயரிலேயே கொண்டுவருவோர் உளர். படத்தைச் சுமக்கும் மஞ்சள் முனை எஸ்.டி. தரத்திற்கு மேல் எதையும் கடத்தாது. போதாக்குறைக்கு, 4:3 விகிதப் படத்தை 16:9 திரை முழுவதற்கும் இழுத்துவைப்பதால் முகங்கள் அகன்று, வட்டப் பொட்டும் நீள்வட்டமாகிறது. இவ்விகாரத்தை ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்வதற்குக் காரணம் ஏதுமில்லை. எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகி, பாக்ஸின் அமைப்பில் 1080 வரியையும் 16:9 விகிதத்தையும் தேர்ந்தால், கச்சேரி ஒளிபரப்பில் ஒரே கோடாகக் குழம்பிக் கிடந்த வீணையின் ஏழு தந்திகளும் தனித்தனியே துலங்கும்.