லண்டனில் கோடைப் படிப்பா?

இடம் கிடைத்த மின்னஞ்சல் வந்ததும் எல்லோரும் பெட்டி வாங்கத்தான் ஓடுகிறார்கள். லண்டனுக்குப் போய்ப் படித்து வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

அங்குள்ள பல்கலைக்கழகங்களின் கோடைப் பள்ளிக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா போதும். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் 6 மாதம் வரை படிக்கலாம். பயணத்துக்கு 3 மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். சேர்க்கைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், தமிழ்ச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் தயாராக இருக்கட்டும். கைரேகை பதிய நேரில் போகவேண்டும்.

பெட்டியில் நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகத் தடை உண்டு. பருப்புப் பொடி எடுத்துக்கொள்ளலாம். அங்கே பிளக்கின் முள் பட்டையானது. நம் உருண்டை முள் நுழையாது. அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள். சமைக்கும்போதும் கவனம் தேவை. நான் தங்கிய விடுதிச் சமையலறையில் ஒருத்தி கடுகு தாளித்தாள். புகைக்கு அலாரம் அலறியது, மாடியில் இருந்த அத்தனை பேரும் தெருவில் நின்றோம்.

வாசிக்கச் சொல்லி அனுப்பும் பாடங்களை ஊரிலேயே முடித்துவிடுங்கள். வகுப்பு தொடங்கிவிட்டால் அதற்கு நேரம் கிடைக்காது.