வால் அறுந்த வரிகள்

பணம் போனதா, போகவில்லையா? கட்டணச் செயலியின் திரையில் "கட்டணம் செலுத்தப்…" என்று மட்டும் தெரிந்தால் பதில் கிடைக்காது. முழு வரி "செலுத்தப்பட்டது" என்றும் இருந்திருக்கலாம், "செலுத்தப்படவில்லை" என்றும் இருந்திருக்கலாம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா இல்லையா என்பது அந்த வினையின் கடைசியில் இருக்கிறது. இடம் போதாதபோது செயலி நறுக்குவதும் அதே கடைசியைத்தான்.

ஐபோனில் எழுத்தைக் காட்டும் யூஐலேபிள், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே வரியில் நிற்கும். மிஞ்சியதை வெட்டி மூன்று புள்ளி வைக்கும். வரி எண்ணிக்கைக்கு 0 கொடுத்தால் வேண்டிய அளவு மடங்கிக்கொள்ளும். ஆண்ட்ராய்டின் டெக்ஸ்ட்வியூ தானாகவே மடங்கக்கூடியது. அங்கே வால் அறுவது பெரும்பாலும் யாரோ 'ஒரே வரி' என்று எழுதி வைத்ததால்தான்.

பலர் உடனே எழுத்தளவைக் குறைத்துவிடுகிறார்கள். மோசமான வைத்தியம். ஆண்ட்ராய்டு 14இல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அப்படி வைத்திருப்பவர் பார்வைக் குறைவால் வைத்திருப்பார், அவரிடமே பொடி எழுத்தைக் காட்டுவதா?

வெட்டு பக்கவாட்டில் மட்டும் விழுவதில்லை. ஆங்கில எழுத்துக்கு அளந்து லேபிளின் உயரத்தைப் பூட்டிவிட்டால், மேலே புள்ளியும் 'கீ'யின் சுழியும், கீழே 'ழு'வின் வளைவும் சீவப்படும். புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். உயரத்தைப் பூட்டாமல் உள்ளடக்கத்துக்கு ஏற்ப வளரவிடுவதே வழி.

நிரலிலேயே 'முதல் 10 எழுத்து' என்று வெட்டுவது இன்னும் ஆபத்து. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'கொ' யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு, 'ஸ்ரீ' நான்கு. நடுவில் கத்தி விழுந்தால் 'கொடு' வெறும் 'க…' ஆகும். குறியீடுகளை எண்ணாமல், முழு எழுத்துகளாகப் பிரித்து வெட்ட வேண்டும்.

வரி ஒழுங்கில் தமிழுக்குத் தொல்லை குறைவு. 'இடது' என்பதற்குப் பதில் 'தொடக்கம்' என்று குறித்துவிட்டால், அதே செயலி உருதுவில் தானே வலப்பக்கம் மாறிக்கொள்ளும், ஆண்ட்ராய்டு 4.2 முதல் இந்த வசதி உண்டு. இருபுறமும் சமமாக இழுத்துவிடுவதை மட்டும் தவிர்க்கலாம். நம் நீளச் சொற்கள் குறுகிய திரையில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விடும்.

சோதிக்க, ஆங்கிலத்தையே நீட்டிக் காட்டும் போலி மொழி ஒன்று ஆண்ட்ராய்டில் உள்ளது. முதல் சல்லடையாக அது போதும். அடுத்து, எழுத்தளவை உச்சத்தில் வைத்து, "கூடுதல் தொகை திருப்பிச் செலுத்தப்படவில்லை" என்ற வரியைப் பொத்தானில் போட்டுப் பாருங்கள்.